மசித்த உருளைக்கிழங்கில் போட்ட கோடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. என் கவுண்டருக்கு வந்த கதை. நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியம் மூன்றேகாலுக்கு, நம்பர் பிளேட் புதுப்பிக்க வந்தவருக்கும் ஓட்டுநர் உரிமத்தைத் தொலைத்துவிட்டு வந்தவருக்கும் நடுவில், ஒரு காக்கி உறைக்குள் இருந்து வந்தது. கொண்டுவந்தவள் கொரின் ஸ்டெபுரா. அவளுக்கு வேண்டியது என் முத்திரை. எனக்கு வேண்டியது ஒரு கதை. பத்து மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. இரண்டு பேரில் யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டோம் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நான் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஆயிரத்து நூறு பேர் வசிக்கும் ஓர் ஊரில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். பதிவு அலுவலகத்தில் வேலை. பெயர் திலகம், இங்கே எல்லோருக்கும் தில். சத்தியம் வாங்குகிற அதிகாரமும் எனக்கு உண்டு. "இந்தத் தாளில் இருப்பதெல்லாம் உண்மை" என்று யாராவது சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமானால் என் முன்னால் போடுவார்கள், நான் முத்திரை குத்துவேன். கேட்க ஏதோ பெரிய பதவி மாதிரி இருக்கும். வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம்.

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கம் எழுதினேன். மூன்றையும் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

(அ) "கொரின் பொய் சொல்லத் தெரியாத பெண்." அடித்துவிட்டேன். என் கணவர் மீசை வைத்தபோது நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

(ஆ) "வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்..." இதைத் தமிழ்நாட்டில் படிக்கிறவர்கள் ரசிப்பார்கள். எனக்குத்தான் தினமும் காலையில் அதை மண்வெட்டியால் அள்ள வேண்டியிருக்கிறது. வேண்டாம்.

(இ) "இரண்டு நாள் என்பது எத்தனை நாள்?" இது பரவாயில்லை. ஆனால் இதற்கு அடுத்த வரி

2

கொரினைப் பற்றிச் சொல்லாமல் அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் மேலே உள்ளதைப் பாதியில் விட்டேன்.

கொரினுக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இந்த வட்டாரத்தில் எந்த வாசலில் நாய் கடிக்கும், எந்த வாசலில் நாய் வண்டிக்குள் ஏறிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளைகள் குறைந்துபோய், இரண்டு தடங்களை ஒன்றாக்கிவிட்டார்கள். வேலை போய்விட்டது. ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, நில ஏஜெண்டாகப் போகிறேன் என்றாள்.

நில ஏஜெண்ட் என்றால் நம்மூர் புரோக்கர் இல்லை. நிலத்தை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. எண்ணெய்க் குழாயோ மின்கம்பியோ யாருடைய நிலத்தின் வழியாகவாவது போக வேண்டுமென்றால், கம்பெனியின் சார்பில் அந்த வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வழிவிடச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவர். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். அடியில் குழாய் மட்டும் போகும். இந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். ஒரு வருஷம் ஒரு லைசென்ஸ்காரரின் கீழ் பயிற்சி, பிறகு பரீட்சை, கடைசியாக ஒரு சத்தியப் படிவம். இந்த மூன்றும் முடிந்தால்தான் தனியாகத் தொழில் செய்யலாம்.

கொரின் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. சாப்பாட்டு மேஜையில் சட்டப்புத்தகத்தை விரித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே படித்தாளாம். பாதிப் பக்கம் எண்ணெய்க்கறை.

அந்தப் புத்தகத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்கிற விதி ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத் தாளை நிலக்காரர் கையில் கொடுத்த நிமிஷத்திலிருந்து இரண்டு நாள் அதைப் பற்றி ஏஜெண்ட் பேசவே கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. நிலக்காரர் ஆற அமரப் படித்து, பெண்டாட்டியைக் கேட்டு, வக்கீலைக் கேட்டு, யோசித்து முடிவெடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் நெருக்கக் கூடாது. நல்ல விதி. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் அந்த இரண்டு நாளில் சேராது.*

* நிலக்காரர் தானாகவே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால் தடையில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை கேட்டபோது இதைக் கவனிக்காமல் விட்டதால்தான் பாதி நேரம் குழம்பினேன்.

3

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. கொரினும் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் கார்த்தும் நெஸ்டர் வாசிலிஷன் என்பவருடைய பண்ணைக்குப் போய், காலை பதினோரு மணிக்கு ஒப்பந்தத் தாளைக் கொடுத்தார்கள். நெஸ்டருக்கு எழுபத்து நாலு வயது, மனைவி வெர்னா. இவர்களுடைய மூன்று பிள்ளைகளும் கொரினின் பேருந்தில் போனவர்கள்தான்.

குழாய் போகும் தடத்தில் ரிப்பன் கட்டிய குச்சிகளை ஏற்கனவே நட்டிருந்தார்கள். அதில் ஒன்று நெஸ்டரின் கிணற்றிலிருந்து முப்பதே அடியில் நின்றது. அந்தப் பக்கத்தில் மூன்று இடத்தில் தோண்டி மூன்றிலும் உப்புத்தண்ணீர். இது ஒன்றில்தான் குடிக்கிற தண்ணீர். பக்கத்தில் பள்ளம் தோண்டினால் இதுவும் கெட்டுப்போகலாம்.

"தடம் இதுதானா?" என்று நெஸ்டர் கேட்டார்.

"வரைபடத்துல இருக்கறது இதுதான்" என்றார் கார்த். அது பொய் இல்லை. அதற்குமேல் நெஸ்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை, அறுவடைக்கு நன்றி சொல்லும் நன்றித் திருநாள். அரசு விடுமுறை, அதனால் பேசக் கூடாத அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. இங்கே அன்றைக்கு யாரையும் வீட்டில் தனியாகச் சாப்பிட விடமாட்டார்கள். கொரின் விவாகரத்தானவள். மகள் வான்கூவரில். வருஷாவருஷம் வெர்னா வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. இந்த வருஷமும் வெர்னா கூப்பிட்டாள், இவளும் போனாள். ஏஜெண்டாகப் போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரியாகப் போனாள். பூசணிக்காய் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்று கையில்.

மேஜையில் நடந்ததைக் கொரின் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பைப் கம்பெனிக்காரி வந்தாச்சு" என்றார் நெஸ்டர். "வெர்னா, ஸ்பூனை எல்லாம் எண்ணி வை."

"நீ வான்கோழியை வெட்டு" என்றாள் வெர்னா. "வாயால வெட்டினது போதும்."

கொஞ்ச நேரம் கோதுமை விலை, யாருக்கோ முட்டி ஆபரேஷன். பிறகு நெஸ்டர் சொன்னார்: "நாளைக்குக் காலையில டவுனுக்குப் போறேன். அப்படியே கார்த் ஆபீஸ்ல அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டு நீட்டிட்டு வந்துடறேன். தடம் அதுதான்னு ஆனப்புறம் எதுக்கு இழுத்துக்கிட்டு?"

"படிச்சீங்களா?" என்றாள் கொரின்.

"படிச்சேன். பதினோரு பக்கம். கிணறுங்கற வார்த்தையே இல்லை."

"நெஸ்டர், இதை இன்னிக்கு நான் பேசக் கூடாது."

"யாரு பேசச் சொன்னா? சாப்பிடு."

கொரின் சாப்பிட்டாள். அல்லது சாப்பிடுகிற மாதிரி இருந்தாள். தன் தட்டில் இருந்த மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் தட்டையாகப் பரப்பினாள். நடுவில் ஊறவைத்த பீட்ரூட் துண்டு ஒன்றை வைத்தாள். முள்கரண்டியால் பீட்ரூட்டை உரசிக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள். பிறகு, நெஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வடக்கே சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோட்டில் கிரேவியை ஊற்றினாள்.

"இப்படியும் போகலாமா?" என்றார் நெஸ்டர்.

"கேட்டாத்தான்" என்றாள் கொரின்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. நெஸ்டர் கையை நீட்டி, அவள் தட்டிலிருந்த பீட்ரூட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாராம். செவ்வாய்க்கிழமை அவர் டவுனுக்குப் போகவில்லை. புதன்கிழமை கார்த்துக்குப் போன் செய்து, வடக்கே சுற்றிப் போனால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை என்றார். கம்பெனி மூன்று வாரம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்தது. குழாய் இன்னும் பதிக்கவில்லை. தரை நன்றாக உறைந்த பிறகு, ஜனவரியில்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று பழகிவிட்டது. கார்த்தை ஆக்கிப் பார்த்தேன். ஒரு தங்கப்பல் கொடுத்தேன். "கார்த் சிரித்தபோது அந்தப் பல் கோணலாக மின்னி..." என்று எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. நிஜத்தில் கார்த் மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கவுண்டருக்கு டோனட் வாங்கிவருகிற மனிதர். முப்பது வருஷம் இந்தத் தொழில் செய்தும் ஊரில் யாரும் அவரைத் திட்டிக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவர் தொழிலின் பாதி. அது குற்றமா என்று கேட்டால், தெரியவில்லை.

கொரின் அவரிடம் கிரேவி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு நேத்திலேருந்து காதுல தண்ணி" என்றாராம் கார்த். "ஒண்ணும் கேக்கலை."

"கார்த், விளையாடாதீங்க."

"விளையாடலை. நான் கேட்டுட்டேன்னா லைசென்ஸ் கொடுக்கற மேலிடத்துக்கு எழுதி அனுப்பணும். நான் எழுதினா உன் லைசென்ஸ் போகும். அதோட போகாது. ஒப்பந்தமே விதியை மீறி வந்ததுன்னு வக்கீலுங்க கிளம்புவாங்க. எஞ்சினியருங்களுக்கு அந்த வளைவு ஆரம்பத்திலேருந்தே பிடிக்கலை. பழைய தடத்துக்கே போவோம்னு காத்துக்கிட்டு இருக்காங்க. உனக்கு எது வேணும், யோசிச்சுக்கோ. என்கிட்ட மட்டும் சொல்லாதே."

இப்போது யாரைக் கெட்டவனாக்குவது? விதியையா? அந்த விதி நெஸ்டர் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அதைக் கடைப்பிடித்திருந்தால் நெஸ்டர் செவ்வாய்க்கிழமை காலை போய்க் கையெழுத்துப் போட்டிருப்பார். மீறியதால் கிணறு தப்பியது. இதை எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் மறுபக்கம் துருத்திக்கொண்டு வருகிறது. நான் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.

5

மறுபடியும் கவுண்டர். வெள்ளிக்கிழமை, மூன்றேகால்.

கொரின் உறையிலிருந்து படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஏழாம் கேள்வி: "பயிற்சிக் காலத்தில், காத்திருப்பு நாட்களுக்குள், ஒப்பந்தம் குறித்து எந்த நிலக்காரரிடமாவது ஏதேனும் தெரிவித்தீர்களா?" பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம். இல்லை. இரண்டும் காலி. படிவம் நாலரைக்குள் ஃபேக்ஸில் போகவில்லையென்றால் பயிற்சி வருஷம் காலாவதி. திரும்ப முதலிலிருந்து. அவள் கையில் இருந்த சேமிப்பெல்லாம் இந்த வருஷத்தில்தான் கரைந்தது என்பது எனக்குத் தெரியும்.

அவள் நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். நான் ஓட்டுநர் உரிமக்காரரை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"இதை ஏன் என்கிட்ட சொன்னே?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். "பொய்னு தெரிஞ்சா நான் முத்திரை குத்த முடியாது. தெரியாம இருந்திருந்தா குத்திட்டுப் போயிருப்பேன்."

"வேற யார்கிட்ட சொல்றது, தில்? கார்த்துக்குக் காதுல தண்ணி. நெஸ்டர்கிட்ட சொன்னா அவரே போயி ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடுவார், எனக்காக."

"சரி, ஆம்னு போடு. மறந்துட்டேன்னு எழுது. சனிக்கிழமை கொடுத்தே, திங்கட்கிழமை சாயங்காலம் பேசினே. ரெண்டு நாள் ஆயிடுச்சேன்னு நினைச்சுட்டே. ஞாயிறும் விடுமுறையும் கணக்குல சேராதுங்கறது பண்டிகை சாப்பாட்டுல மறந்துபோச்சு. யாருக்கும் வரக்கூடிய தப்பு. மன்னிச்சு விட்டுடுவாங்க."

எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்திருந்தது. கதைக்கும் நல்ல திருப்பம் என்று ஓடிய நினைப்பை மறைக்க மாட்டேன்.

கொரின் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறக்கலை" என்றாள். "பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டினவ. எந்த நாள் விடுமுறைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். தெரிஞ்சுதான் செஞ்சேன். தெரிஞ்சதனாலதான் வாயால சொல்லாம கிழங்குல போட்டேன்."

"ஆனா மறந்துட்டேன்னு எழுதினா..."

"அதுவும் பொய்தானே. பொய் சொல்றதுன்னா இல்லைங்கற கட்டத்துலயே சொல்லிடலாமே. கிணறாவது மிஞ்சும்."

பரீட்சையில் பதினாலாம் கேள்வி இதேதானாம்: நிலக்காரர் வீட்டு விருந்தில் பேச்சு எழுந்தால் ஏஜெண்ட் என்ன செய்ய வேண்டும்? பேச்சை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் எழுந்து போய்விட வேண்டும் என்று அவள் எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண்.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

முதல் முடிவு. கொரின் "ஆம்" போடுகிறாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறாள். மேலிடத்தில் ஒரு நல்ல மனிதர் அதைப் படித்துக் கண்கலங்கி லைசென்ஸ் கொடுக்கிறார், கிணறும் பிழைக்கிறது. (இதை ஒரு மதியம் முழுக்க எழுதினேன். படித்துப் பார்த்தால், அந்த நல்ல மனிதருக்கு என் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டியிருக்கிறேன். அப்படியொரு ஆள் அங்கே இல்லை.)

இரண்டாவது. "ஆம்" போடுகிறாள். லைசென்ஸ் இல்லை. ஒப்பந்தம் திரும்பவும் திறக்கப்படுகிறது. ஜனவரியில் கிணற்றிலிருந்து முப்பது அடியில் பள்ளம். வெர்னா கடையிலிருந்து தண்ணீர் கேன் தூக்கிவருகிறாள். யாரும் கொரினைத் திட்டவில்லை, அடுத்த அக்டோபரிலும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். (இதை எழுதும்போது அழுதேன். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

மூன்றாவது. "இல்லை" போடுகிறாள். நான் முத்திரை குத்துகிறேன். எல்லோரும் நலம். நான் மட்டும்

நாலாவது. நான் முடியாது என்கிறேன். பக்கத்து ஊரில், இருபத்தைந்து நிமிஷத் தொலைவில், சத்தியம் வாங்குகிற இன்னொருவர் இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது, அங்கே போ என்கிறேன். (இதை நான் நிஜமாகவே அவளிடம் சொன்னேன். இதைக் கதையில் சேர்க்க வேண்டாமென்றுதான் இருந்தேன்.)

"உன் முன்னாலதான் சத்தியம் பண்ணணும், தில்" என்றாள் கொரின். "தெரியாதவர் முன்னால பண்றதுக்குப் பேரு என்ன?"

7

மணி நாலு. ஓட்டுநர் உரிமக்காரர் வெறுத்துப்போய்த் திங்கட்கிழமை வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கொரின் பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். எனக்குப் பின்னாலிருந்த கோப்பு அலமாரியில் ஏதோ தேடுகிற மாதிரித் திரும்பி நின்றேன். இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன். எதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. கட்டத்துக்குள் ஒரு குறி போடுகிற அளவுக்குச் சின்னதாகவும் கேட்டது, நீளமாக எழுதுகிற மாதிரியும் கேட்டது. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டால் அப்படித்தான்.

திரும்பியபோது அவள் படிவத்தைக் குறுக்கே மடித்து வைத்திருந்தாள். கையெழுத்து போடுகிற கீழ்ப்பகுதி மட்டும் மேலே தெரிந்தது. ஏழாம் கேள்வி உள்ளே.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். சத்தியம் வாங்குகிறவர் தாளில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆளைத் தெரியுமா, நம் முன்னால் கையெழுத்துப் போட்டாரா, கேட்டதற்குப் பதில் சொன்னாரா, இவ்வளவுதான். கொரினுக்கும் இது தெரியும். பரீட்சைக்குப் படித்த பாடம்தானே.

அவள் எனக்காக மடித்தாளா, தனக்காக மடித்தாளா? நாலு வாரமாக யோசிக்கிறேன். உண்மையை எழுதியிருந்தால் எதற்கு மடிக்க வேண்டும்? ஆனால் உண்மையை எழுதியிருந்தால், அதை நான் படித்து, வேண்டாமடி, அடித்துவிடு என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தும் மடித்திருக்கலாம். சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"இந்தத் தாள்ல இருக்கறதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றியா?"

"பண்றேன்" என்றாள்.

குரல் நடுங்கவில்லை. உண்மை சொல்கிறவர்களுக்கும் நடுங்காது, முடிவெடுத்துவிட்டவர்களுக்கும் நடுங்காது. கையெழுத்துப் போட்டாள். நான் மடிப்பின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு முத்திரை குத்தினேன். விரலை ஒரு அங்குலம் தள்ளினால் தாள் தானாகவே பிரிந்துவிடும். தள்ளவில்லை. ஃபேக்ஸ் மெஷினில் அவளே வைத்தாள், அவளே எடுத்துக்கொண்டாள், நன்றி தில் என்று சொல்லிவிட்டுப் போனாள். மேலிடத்திலிருந்து பதில் வர எட்டு வாரம் ஆகும். இன்னும் நாலு வாரம் இருக்கிறது. அவளை இரண்டு தடவை கடையில் பார்த்தேன். முட்டை விலையைப் பற்றிப் பேசினோம்.

இந்தக் கதைக்கு முடிவு இல்லாமல் போனதற்குக் காரணம் கலை இல்லை. பயம். எந்த முடிவை எழுதினாலும் அதற்கு நான் சாட்சியாகிவிடுவேன். பெயரை எல்லாம் மாற்றியிருக்கிறேன், ஊரைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன், ஆனாலும் இந்தத் தொழிலில் இருக்கிற யாராவது தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற பதற்றம் இப்போதும் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன். அதற்கும் ஒரு சத்தியம் கேட்பீர்கள் என்றால், மறுபடியும் அலமாரிப் பக்கம் திரும்பி எதையாவது தேடுவேன்.

நீங்களாக இருந்தால் மடிப்பைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். தெரியும், நான் இதைச் சொல்லிக் கேட்ட ஒன்றிரண்டு பேரும் உடனே அப்படித்தான் சொன்னார்கள். சரி, பிரியுங்கள். மணி நாலு பத்து, கொரின் எதிரே நிற்கிறாள், உங்கள் முகத்தையே பார்க்கிறாள். ஆனால் விரலை எடுப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் குறி இருக்க வேண்டும் என்று இப்போது உங்கள் மனசு வேண்டிக்கொள்கிறது?